சூனியோ முனைக்கு ஒரு தனி வண்டிப் பயணம்: சூரியன் மறைவதற்குள் முடிந்துவிட இருந்த எட்டு மணி நேரம்

ஏதென்ஸிலிருந்து கடலோரச் சாலை வழியாகச் சூனியோ முனைக்குச் சென்று, அங்குள்ள கிரேக்கக் கடல் தெய்வம் பொசைடனின் கோயிலில் சூரியன் மறைவதைப் பார்த்துத் திரும்பும் தனி வண்டிப் பயணத்துக்கு, செப்டம்பர் கடைசி வாரத்தில் நாங்கள் நான்கு பேரும் சேர்ந்து கொடுத்த தொகை 320 யூரோ. வண்டி, ஓட்டுநர், குடிதண்ணீர், சுங்கக் கட்டணம் ஆகியவை இதில் அடங்கும். கோயில் நுழைவுச்சீட்டு, வழியில் உள்ள ஏரிக்கான கட்டணம், மதிய உணவு எதுவும் அடங்காது. பயணம் நன்றாகவே அமைந்தது. ஆனால் அப்படி அமைந்ததற்கு நிறுவனம் வகுத்துத் தந்த திட்டம் காரணமில்லை; புறப்படுவதற்கு முந்தைய இரவு அந்தத் திட்டத்தை நாங்கள் மாற்றச் சொன்னதுதான் காரணம். நிறுவனத்தின் பெயரைத் தவிர்க்கிறேன். இதே விதமான விளம்பரங்களைப் பல நிறுவனங்கள் வைத்திருக்கின்றன என்பதால், சொல்லப்போவது எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

விளம்பரப் படத்தில் கோயில் தூண்களுக்கு நடுவே செக்கச்செவேலென்று சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. கீழே "எட்டு மணி நேரம், காலை 10 மணிக்கு விடுதியிலிருந்து புறப்பாடு" என்று எழுதியிருந்தது. முன்பணம் கட்டும்போது எங்களில் யாரும் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை. உறுதிச் சீட்டை முந்தைய இரவு படித்த என் மாமியார்தான், "பத்துக்குக் கிளம்பி எட்டு மணி நேரம்னா ஆறு மணிக்கு நாம திரும்ப இங்கே இருக்கணும், அப்புறம் எந்தச் சூரியனைப் பாக்கறது?" என்று கேட்டார். செப்டம்பர் கடைசியில் ஏதென்ஸ் பக்கம் சூரியன் மறைவது ஏறக்குறைய மாலை ஏழேகாலுக்கு. முனையிலிருந்து நகரத்துக்குத் திரும்ப ஒன்றேகால் மணி நேரமாவது ஆகும். அந்தத் திட்டப்படி போயிருந்தால், சூரியன் இன்னும் உச்சிக்கும் தொடுவானத்துக்கும் நடுவே நிற்கும்போதே வண்டியில் ஏறியிருப்போம்.

இரவோடு இரவாகத் தொலைபேசியில் பேசினோம். எதிர்முனையில் இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் சூரிய அஸ்தமனம் "கோரிக்கையின் பேரில் ஏற்பாடு செய்யக்கூடியது" என்று ஒரு விளக்கம் சொன்னார். கடைசியில் புறப்பாட்டைப் பகல் 12 மணிக்குத் தள்ளிவைக்கவும், கூடுதல் அரை மணி நேரத்துக்கு 20 யூரோ வாங்கிக்கொள்ளவும் இசைந்தார். படத்தில் காட்டிய சூரியனுக்குத் தனியாக 20 யூரோ கொடுத்தோம் என்பது என் கணவரின் கணக்கு.

ஆகவே முன்பதிவு செய்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது விலையை அன்று. அந்த நாளில் சூரியன் மறையும் நேரத்தை. ஜூன் கடைசியில் அது இரவு ஒன்பதை நெருங்கிவிடும். டிசம்பரில் ஐந்து மணி தாண்டியதுமே முடிந்துவிடும். ஒரே திட்டத்தை ஆண்டு முழுவதும் விற்கிறவர்கள் இந்த நான்கு மணி நேர வேறுபாட்டைப் பற்றி வாய் திறப்பதில்லை. அஸ்தமனத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னதாகக் கோயில் வாசலில் இருக்கும்படியும், அஸ்தமனத்துக்குப் பின் ஒன்றரை மணி நேரம் வண்டி நம் கையில் இருக்கும்படியும் பின்னோக்கி எண்ணிக்கொண்டு வந்து, புறப்படும் நேரத்தை நாமே சொல்லிவிடுவது நல்லது.

வண்டியைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை. சிந்தாக்மா சதுக்கத்துக்கு அருகிலிருந்த எங்கள் விடுதி வாசலுக்குப் பன்னிரண்டு மணிக்கு ஐந்து நிமிடம் முன்னதாகவே கறுப்பு நிற வேன் ஒன்று வந்து நின்றது. ஓட்டுநர் ஐம்பது வயதை நெருங்கியவர். மாமியார் ஏறுவதற்கு ஒரு சிறு மரப்படியைப் பின்னாலிருந்து எடுத்துப் போட்டுவிட்டு, "கிரீயா" என்று அழைத்துக் கை கொடுத்தார். அம்மையார் என்பது போன்ற மரியாதைச் சொல் அது. ஏறியதும் அவரை வலப்பக்க சன்னலோரம் உட்காரச் சொன்னார். கிரேக்கத்தில் வண்டிகள் வலப்பக்கமாக ஓடுகின்றன. தென்கிழக்கே போகும்போது கடலும் வலப்பக்கம்தான் வருகிறது. இடப்பக்கம் உட்கார்ந்த எனக்குப் போகும் வழியெல்லாம் பெட்ரோல் நிலையங்களும் அடுக்குமாடி வீடுகளும்தான் கிடைத்தன.

சூனியோ என்ற பெயரைக் கேட்டதிலிருந்தே மாமியாருக்கு ஒரு தயக்கம் இருந்தது. நம் காதில் அந்தச் சொல் விழும் விதம் அப்படி. கிரேக்கத்தில் அதற்கும் மாந்திரீகத்துக்கும் தொடர்பு ஒன்றுமில்லை என்று என் மகள் இரண்டு முறை விளக்கினாள்.

நகரத்திலிருந்து முனை ஏறத்தாழ 70 கிலோமீட்டர். 2001 இல் மூடப்பட்ட பழைய எல்லினிக்கோ விமான நிலையத்தின் பரந்த நிலத்தையும், கிளிஃபாடாவையும் கடக்கும்வரை இது கடலோரப் பயணம் என்றே சொல்ல முடியாது. போக்குவரத்து விளக்குகளும் டிராம் பாதையுமாகவே நகரும். வூலியாக்மேனி தாண்டிய பிறகுதான் சாலை பாறையை ஒட்டி வளைய ஆரம்பிக்கிறது; ஒவ்வொரு வளைவிலும் சாரோனிக் வளைகுடாவின் நீலம் சற்று மாறித் தெரிகிறது. தனி வண்டியின் பயன் இங்கே தொடங்குகிறது. வர்கீசாவுக்கு அப்பால் ஓரிடத்தில் நிறுத்தச் சொன்னோம், ஓட்டுநர் நிறுத்தினார், கைக்கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

வூலியாக்மேனி ஏரியில் ஒன்றரை மணி நேரம் செலவிட்டோம். "மூழ்கிப்போனது" என்பதுதான் அந்தப் பெயரின் பொருள்; நிலத்தடியில் இருந்த பெரிய குகையொன்றின் கூரை இடிந்து விழுந்ததால் உண்டான பள்ளம் இது. மூன்று பக்கமும் செங்குத்தான சுண்ணாம்புப் பாறை நிற்கிறது. கடல்நீரும் வெந்நீர் ஊற்றும் அடியில் கலப்பதால் தண்ணீர் இலேசான உப்புச் சுவையோடும், ஆண்டு முழுவதும் 22 முதல் 29 பாகை வெப்பத்தோடும் இருக்கிறது. படிக்கட்டில் உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டால் சிறு மீன்கள் வந்து குதிகாலைக் கொத்துகின்றன. மாமியார் முதல் கொத்திலேயே காலை இழுத்துக்கொண்டார். பிறகு அரை மணி நேரம் எடுக்கவே இல்லை. கட்டணம் தனி என்பதையும், துவாலை நாமே கொண்டுபோக வேண்டும் என்பதையும் நிறுவனம் முன்கூட்டியே சொல்லியிருக்கலாம்.

மதிய உணவுக்கு லெக்ரெனா பக்கத்தில் கடலை ஒட்டிய தவெர்னா (எளிய கிரேக்க உணவகம்) ஒன்றுக்கு ஓட்டுநர் அழைத்துச் சென்றார். கிரேக்கத்து மீன் உணவகங்களில் முழு மீனுக்குக் கிலோ கணக்கில்தான் விலை. உணவுப் பட்டியலில் இருக்கும் எண் ஒரு தட்டுக்கான விலை அன்று. மீனைத் தேர்ந்தெடுத்ததும் நம் கண் முன்னால் நிறுக்கச் சொல்லி, எடையைக் கேட்டுக்கொண்ட பிறகே அடுப்புக்கு அனுப்ப வேண்டும். எங்களுக்கு வந்த சிபூரா மீன் நன்றாகவே சுட்டிருந்தது, தோல் மொறுமொறுவென்றும் உள்ளே ஈரப்பதத்தோடும். சைவம் மட்டுமே உண்ணும் மாமியாருக்கு எலுமிச்சைச் சாறும் ஆலிவ் எண்ணெயும் ஊற்றிய வேகவைத்த கீரையும், மஞ்சள் பருப்பை மசித்துப் பச்சை வெங்காயம் தூவிய ஃபாவாவும் கிடைத்தன. இரண்டாவது தட்டு ஃபாவா கேட்டது அவர்தான். ஓட்டுநர் எங்களோடு உட்காரவில்லை. உள்ளே சமையல்காரர்களோடு சாப்பிட்டார். அந்தக் கடைக்கும் அவருக்கும் ஏதோ ஏற்பாடு இருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது; விலையும் உணவும் நியாயமாக இருந்ததால் அதைத் துருவவில்லை.

நாலே முக்காலுக்குக் கோயில் வாசலை அடைந்தோம். இங்கேதான் இரண்டாவது குறை. விளம்பரத்தில் "அறிவார்ந்த வழிகாட்டலுடன்" என்று இருந்தது. ஆனால் கிரேக்கத்தில் தொல்லியல் தளத்துக்குள் வந்து விளக்கம் சொல்ல, அரசு உரிமம் பெற்ற வழிகாட்டிகளுக்கு மட்டுமே அனுமதி உண்டு. ஓட்டுநர் உள்ளே வரக்கூடாது. எனவே வழியில் வண்டிக்குள் அவர் சொன்னதுதான் வழிகாட்டல். ஏகேயஸ் மன்னனின் கதையை அவர் அழகாகச் சொன்னார்: மகன் தீசியஸ் கிரீட்டிலிருந்து வென்று திரும்பும்போது வெள்ளைப் பாய் ஏற்ற மறந்து கறுப்புப் பாயோடே வந்துவிட, அதைக் கண்ட தந்தை மகன் மாண்டான் என்று எண்ணி இந்த முனையிலிருந்து குதித்தான், அதனால்தான் இந்தக் கடலுக்கு ஏஜியன் என்று பெயர் வந்தது என்பது கதை. அதே மூச்சில், இந்தக் கோயில் ஏதென்ஸ் குன்றின் மேலுள்ள புகழ்பெற்ற பார்த்தெனான் கோயிலைவிட நூறு ஆண்டு மூத்தது என்றும் சொல்லிவிட்டார். அது சரியில்லை. பார்த்தெனான் கட்டத் தொடங்கியது பொதுக்காலத்துக்கு முன் 447 இல். இந்தக் கோயில் எழுந்தது ஏறத்தாழ 444 முதல் 440 வரை. இரண்டும் ஏதென்ஸின் தலைவர் பெரிக்ளிஸ் காலத்தவை. இதே இடத்தில் இதற்கு முன் கட்டப்பட்டுக்கொண்டிருந்த கோயிலை 480 இல் பாரசீகப் படை அழித்தது. அவர் அதைத்தான் மனத்தில் வைத்திருந்தார் போலும்.

வழிகாட்டிகள் பிழையாகச் சொல்வது இந்த முனைக்குப் புதிதும் அன்று. இரண்டாம் நூற்றாண்டில் கிரேக்கம் முழுவதும் சுற்றி எழுதிய பவுசானியஸ், தம் நூலைத் தொடங்குவதே சூனியோவிலிருந்துதான்; உச்சியில் இருப்பது ஏதெனா தேவியின் கோயில் என்று அங்கே எழுதி வைத்தார். ஏதெனாவுக்கும் ஒரு கோயில் இருந்தது, ஆனால் அது வடகிழக்கே சற்றுத் தள்ளித் தாழ்வான மேட்டில். உச்சியில் இருப்பது பொசைடனுடையது என்பது, 1897 இல் வலேரியோஸ் ஸ்டாயிஸ் தொடங்கிய அகழாய்வின்போது கிடைத்த கல்வெட்டால்தான் ஐயமறத் தெளிவாயிற்று. அவ்வளவு பெரிய பயணியே தவறியிருக்கும்போது எங்கள் ஓட்டுநரைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் விளம்பரத்தில் "வழிகாட்டல்" என்ற சொல்லைப் போட்ட நிறுவனத்தைச் சொல்லலாம். உள்ளே விளக்கம் வேண்டுமென்றால் உரிமம் பெற்ற வழிகாட்டிக்குத் தனியாகப் பணம் கட்டி முன்பதிவு செய்ய வேண்டும். நாங்கள் முன்பே படித்துக்கொண்டு போனதால் தப்பித்தோம்.

வாசலிலிருந்து கோயில் வரை பாதை ஏற்றமாகப் போகிறது. நெடுந்தூரம் இல்லை, ஆனால் கரடுமுரடான கற்கள், நிழல் என்று சொல்ல ஒன்றுமில்லை. எழுபத்திரண்டு வயது மாமியார் நான்கு இடங்களில் நின்று இருபது நிமிடத்தில் ஏறினார். சுற்றுலாப் பேருந்தில் வந்த குழுவொன்று எங்களைக் கடந்து மேலே போய், நாங்கள் உச்சியை அடைவதற்கு முன்பே பாதிப் பேர் திரும்பிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குக் கொடுக்கப்பட்டிருந்தது நாற்பத்தைந்து நிமிடம் என்று ஒரு பெண்மணி மூச்சு வாங்கச் சொன்னார். எங்களுக்கு இரண்டரை மணி நேரம் இருந்தது. கொடுத்த பணம் எதற்கென்று அந்த ஏற்றத்தில்தான் புரிந்தது: வண்டிக்கோ குளிர்ந்த தண்ணீருக்கோ அன்று, நான்கு இடங்களில் நிற்க முடிந்ததற்கு.

கடலிலிருந்து ஏறக்குறைய 60 மீட்டர் உயரத்தில் கோயில் நிற்கிறது. முன்பக்கம் ஆறு, பக்கவாட்டில் பதின்மூன்று என்ற கணக்கில் வெளிச்சுற்றில் 34 தூண்கள் இருந்தன. இன்று ஏறக்குறைய பாதி எஞ்சியிருக்கின்றன. கட்டியது சற்றுத் தூரத்தில் இருக்கும் அக்ரிலேசா சுரங்கத்துக் கல்லால். பார்த்தெனானைக் கட்டிய பெந்தெலி மலைக் கல்லில் இரும்புக் கலப்பு உண்டு. அது காலப்போக்கில் தேன் நிறம் பெறும். இந்தக் கல்லில் அது இல்லாததால் வெளுப்பு மாறவில்லை. மாலை வெயிலில்கூட முதலில் வெள்ளையாகத்தான் தெரிகிறது, பிறகுதான் ஆகாயத்தின் நிறத்தை வாங்கிக்கொள்கிறது. தூண்கள் ஆறு மீட்டரைத் தொடும் உயரத்துக்கு ஒல்லியானவை, அடியில் ஒரு மீட்டர் குறுக்களவு. டோரிக் என்ற பழைய கிரேக்கப் பாணித் தூணில் வழக்கமாக இருபது நெடுக்குப் பள்ளங்கள் இருக்கும், இங்கே பதினாறுதான். கயிற்றுக்கு வெளியே நின்றபடி என் மகள் ஒரு தூணின் முன்பாதியை எண்ணி எட்டு என்றாள். பின்பாதியை நம்பிக்கையின் பேரில் ஏற்றுக்கொண்டோம். பள்ளங்கள் குறைந்தால் அவற்றுக்கு நடுவே உள்ள கூர்முனைகளும் குறையும், உப்புக்காற்று அரிப்பதற்கு இடம் குறையும் என்பது ஒரு விளக்கம். பக்கத்தில் கீழே விழுந்து கிடந்த ஒரு துண்டில் அந்த முனைகள் கைவிரல் நுனிபோல மழுங்கியிருந்ததைப் பார்த்தபோது, அப்படி எண்ணியவர்கள் காற்றை நன்றாக அறிந்தவர்கள் என்று தோன்றியது.

கோயிலுக்குள் யாரையும் விடுவதில்லை; சுற்றிலும் கயிறு கட்டியிருக்கிறது. ஆங்கிலக் கவிஞர் பைரனின் பெயர் பொறித்த கல்லைக் காண வருகிறவர்கள் ஏமாந்து போவார்கள், அது கயிற்றுக்கு உள்ளே இருக்கிறது. அதை அவரே பொறித்தாரா என்பதற்கு உறுதி ஏதும் கிடையாது. 1810 இல் அவர் இங்கே வந்தது மட்டும் உண்மை. பெயர் பொறிக்கும் பழக்கத்தைப் பார்த்தால் அந்தக் கல்லில் அவர் தனியாகவும் இல்லை.

கிழக்கே ஒரு பாறையில் மாமியாரை உட்கார வைத்தோம். அங்கே புதர்களுக்கு நடுவே கௌதாரிகள் நான்கைந்து, மனிதர்களைப் பொருட்படுத்தாமல் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தன. கண்ணைச் சுற்றிக் கறுப்புப் பட்டை, சிவந்த அலகு, சிவந்த கால். கோயிலைவிட அவர் அதிக நேரம் பார்த்தது அவற்றைத்தான் என்று பிறகு ஒப்புக்கொண்டார். காற்று மட்டும் விடவே இல்லை. கோடையின் வடக்குக் காற்று அடங்கிவிட்ட செப்டம்பரிலும் சேலைத் தலைப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. மேலே போர்த்த ஏதாவது கொண்டுபோக வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. அதையும் குறையில் சேர்க்கிறேன்.

ஏழு மணிக்குள் மேற்கு ஓரத்தில் கூட்டம் சேர்ந்துவிட்டது. கடலில் பத்ரோக்லோஸ் தீவு கறுத்துக்கொண்டே வந்தது. அதற்கு அப்பால் சூரியன் தட்டையாகிக் கீழே போயிற்று. படத்தில் கண்டதுபோல் இரண்டு தூண்களுக்கு நடுவே சூரியனை நிறுத்த வேண்டுமென்றால் தூணுக்குக் கிழக்கே நிற்க வேண்டும். ஆனால் கூட்டம் முழுவதும் தூணுக்கு மேற்கே வந்து கடலைப் பார்த்து நின்றது. நாங்கள் நால்வர் மட்டும் பின்னால் தங்கியதால் அந்தக் காட்சி எங்களுக்குக் கிடைத்தது. சூரியன் மறைந்த மறு நிமிடமே காவலர்கள் விசில் ஊதத் தொடங்கினார்கள். அஸ்தமனத்தோடு தளம் மூடப்படுவதால் அதற்குப் பிறகு ஆகாயம் சிவப்பதை வாசலுக்கு வெளியே நின்றுதான் பார்க்க வேண்டும். இறங்கும் பாதை அரையிருட்டில் இருந்தது. ஓட்டுநர் நுழைவாயில் வரை கைவிளக்கோடு வந்து நின்றது எந்த விளம்பரத்திலும் இல்லாத சேவை.

திரும்பும்போது லாவ்ரியோ வழியாக வந்தோம். இந்த ஊரின் வெள்ளிச் சுரங்கங்களில் கிடைத்த வருவாயைக் குடிமக்களுக்குப் பங்கிடாமல் கப்பல் கட்டச் செலவிடும்படி தெமிஸ்தோக்ளிஸ் என்ற தலைவர் ஏதென்ஸ்காரர்களை இணங்க வைத்தார். அந்தக் கப்பல்களைக் கொண்டுதான் பொதுக்காலத்துக்கு முன் 480 இல் சலாமிஸ் கடற்போரில் பாரசீகரை வென்றார்கள். வென்றபின் பிடித்த ஃபினீசியக் கப்பல்களில் ஒன்றைச் சூனியோவில் காணிக்கையாக வைத்தார்கள் என்று பண்டைய வரலாற்றாசிரியர் ஹெரடோட்டஸ் எழுதியிருக்கிறார். கடலில் நீண்டு படுத்திருந்த கருந்திட்டு ஒன்றைக் காட்டி அது என்ன என்று மகள் கேட்டாள். "மக்ரோனிசோஸ்" என்றார் ஓட்டுநர். கொஞ்ச தூரம் பேசாமல் ஓட்டினார். உள்நாட்டுப் போர்க்காலத்தில், 1947 முதல், அரசியல் கைதிகளை அடைத்துவைத்த தீவு அது; தம் தாத்தா அங்கே இருந்தவர் என்றார். வழக்கமாகப் பயணிகளிடம் இதைச் சொல்வதில்லையாம், யாரும் கேட்பதில்லையாம். அவர் அன்று சொன்னவற்றில் ஒரு பிழையும் இல்லாத பகுதி அதுதான்.

தனியாகவோ இருவராகவோ போகிறவர்களுக்கு இந்தச் செலவு தேவையில்லை. ஏதென்ஸின் பெதியோன் தூ ஆரேயோஸ் பூங்காவிலிருந்து கேடெல் என்ற வெளியூர்ப் பேருந்து கடலோர வழியாகவே சூனியோ போகிறது. ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஆகும். திரும்பும் கடைசிப் பேருந்து எப்போது என்று ஏறும்போதே நடத்துநரிடம் கேட்டுக்கொள்வது அவசியம். வயதானவர்களோ குழந்தைகளோ உடன் வரும் நான்கு பேருக்கு, தலைக்கு 85 யூரோ என்ற கணக்கில், நான் மறுபடியும் கொடுப்பேன்.

ஊர் திரும்பியபின் நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி, புறப்படும் நேரத்தைத் திருத்துங்கள், வழிகாட்டி என்ற சொல்லை எடுத்துவிடுங்கள், 20 யூரோவைத் திருப்பித் தாருங்கள் என்று கேட்டேன். மூன்றாம் நாள் நன்றி சொல்லிப் பதில் வந்தது. அடுத்த பயணத்துக்குப் பத்து விழுக்காடு தள்ளுபடி தருவார்களாம். ஓட்டுநருக்கு ஐந்து நட்சத்திரமும் நிறுவனத்துக்கு மூன்றும் தனித்தனியாகக் கொடுக்க வழியில்லாததால் நான்கு கொடுத்தேன். இதை எழுதும்போது விளம்பரத்தை ஒரு முறை திறந்து பார்த்தேன். தூண்களுக்கு நடுவே சூரியன் அப்படியே இறங்கிக்கொண்டிருக்கிறது; கீழே புறப்பாடு காலை 10 மணி, எட்டு மணி நேரம்.